நாற்பத்தொன்றாம் நம்பர் கடையும் என் மதினியும்

1

நாற்பத்தொன்றை மூடப் போகிறார்கள் என்ற செய்தி, நான் வேலைக்குப் போகும் பேருந்தில் இருக்கும்போது வந்தது. மின்னஞ்சல் அனுப்பியவர் நூலகத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண். இந்த மாதக் கடைசி ஞாயிறோடு கடை மூடுகிறது, அதன் வரலாற்றைத் தொகுக்கிறோம், உங்களிடம் பழைய புகைப்படங்கள் இருந்தால் கொண்டுவாருங்கள் என்று எழுதியிருந்தார். படித்துக்கொண்டே இரண்டு நிறுத்தம் தாண்டிப் போய்விட்டேன். குளிரில் திரும்பி நடந்து, முதியோர் இல்லத்துக்குப் பத்து நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். பதினேழு வருடமாக டொரொண்டோவில் நர்ஸ் வேலை. தாமதமானால் காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும். பேருந்து என்று எழுதினேன்.

நாற்பத்தொன்று என்பது கதவு எண். அது ஒரு பார். ஊரில் இதைப் படிப்பவர்களுக்கு ஒயின் ஷாப்பை ஒட்டிய தகரக் கொட்டகையும் காலி தண்ணீர் பாக்கெட்டும் நினைவுக்கு வரும். இது வேறு. பெண்களை நேசிக்கும் பெண்கள் வந்து உட்காரும் இடம். பல வருடம் பெயர்ப்பலகை இல்லாமல் நடந்ததால் எண்ணே பெயராகிவிட்டது. நான் குடிப்பதில்லை. ஞாயிறு மதியம் போய் ஒரு இஞ்சி சோடா வாங்கி வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பேன்.

சிவகாசிப் பக்கம் எம். புதுப்பட்டியில் இருக்கும் என் அண்ணனிடம் இதை மகளிர் சங்கம் என்று சொல்லி வைத்திருந்தேன்.

"அங்கனயுமா மகளிர் சங்கம்? மீட்டிங் போட்டு டீ குடுப்பாகளா?" என்று கேட்டான்.

"பிஸ்கட்டும் குடுப்பாக" என்றேன். அது உண்மைதான், கொடுப்பார்கள்.

அன்று வேலை முடிந்து வந்து அலமாரி, பழைய போன், கணினி எல்லாவற்றையும் துழாவினேன். பதினைந்து வருடம் போய் வந்த இடம். ஒரு படம்கூட என்னிடம் இல்லை.

2

பதினெட்டு வயதிலிருந்து நான்கு சீசன் நான் எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பூச்சட்டிப் புஸ்வாணத்துக்கு மருந்து அடைத்தேன். எங்கள் அப்பா அம்மாவுக்கு அடுத்தவர் காட்டில் கூலி வேலை, எங்களுக்குக் கம்பெனி வேலை. கம்பெனி என்றால் பெரிய கட்டடம் என்று நினைத்துவிடக் கூடாது. கரிசலில் தள்ளித் தள்ளிச் சின்னச் சின்ன அறைகள். ஓர் அறைக்கு நாலு பேர். ஐந்தாவது ஆள் உள்ளே கால் வைக்கக் கூடாது. செருப்பு, கொண்டை ஊசி, வளையல் எல்லாம் வெளியே. ஒவ்வொருவரும் தனக்குப் பக்கத்துக் கதவைப் பார்த்து உட்கார வேண்டும். ஏதாவது ஆனால் ஒருவரை ஒருவர் இடிக்காமல் வெளியே ஓடுவதற்கு.

எங்கள் அறையில் நான், மாரி, சொர்ணம் அக்கா. நாலாவது ஆள் மாறிக்கொண்டே இருப்பார். மாரிக்கும் எனக்கும் ஒரே வயது. அவள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் பெண் கொடுத்து எடுக்கிற முறை என்பதால் நான் அவளை மதினி என்பேன், அவளும் என்னை மதினி என்பாள். எங்கள் பக்கத்தில் மதினிமார் எவ்வளவு கேலி பேசினாலும், ஒரே பாயில் படுத்துத் தூங்கினாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நாங்கள் நாலு வருடம் ஓட்டினோம். சொர்ணம் அக்கா எங்களைவிடப் பத்து வயது மூத்தவர். போர்மேன் வரும் செருப்புச் சத்தம் கேட்டால் தொண்டையைச் செருமுவார். வேறு எதுவும் சொன்னதில்லை, கேட்டதும் இல்லை.

இருபத்து இரண்டில் நான் மதுரைக்கு நர்ஸிங் படிக்கப் போனேன். இருபத்து நாலில் மாரியை மல்லாங்கிணற்றில் ஒரு லாரி டிரைவருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அப்போது விடுமுறைக்கு வந்து அதே கம்பெனியில் சீசன் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வளைகுடா, அங்கிருந்து கனடா.

நாற்பத்தொன்றுக்கு முதல்முறை போனதை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. தெருவில் மூன்று முறை மேலும் கீழும் நடந்துவிட்டுத்தான் கதவைத் தள்ளினேன். முன்னால் நின்ற ஒரு பெண் என்னைப் பார்த்ததும், துப்புரவு வேலைக்கு வந்தவள் என்று நினைத்து வாளி இருக்கும் இடத்தைக் காட்டினாள். அதைத் தாண்டிப் பின்னறைக்குப் போனேன். சின்ன அறை. மேசையைச் சுற்றி நாலு பெண்கள் இருந்தார்கள். என் கால் வாசலிலேயே நின்றுவிட்டது. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. கடைக்காரி ஜோன் தட்டோடு வந்தார். அப்போதே அவருக்கு அறுபது தாண்டியிருந்தது.

"ஏன் வெளியே நிற்கிறாய்?" என்று கேட்டார்.

"உள்ளே நாலு பேர் இருக்கிறார்கள்" என்றேன்.

ஜோனுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் விளக்கிச் சொன்னதும் தட்டைக் கீழே வைத்துவிட்டு, அந்த நாலு பேரையும் நகரச் சொல்லி எனக்கு ஒரு நாற்காலி போட்டார். "இங்கே வெடிக்கிற சாமான் எதுவும் இல்லை, இவளைத் தவிர" என்று ஒருத்தியைக் காட்டினார். அதன் பிறகு வெகு நாள் என்னை எல்லோரும் ஐந்தாமவள் என்றுதான் கூப்பிட்டார்கள்.

3

ஜோன் சொல்லித்தான் அந்தக் கடையின் கதை எனக்குத் தெரியும். அவர் இளவயதில் இந்த ஊரில் பெண்கள் தனியாக மதுக்கடைக்குள் போக முடியாது. ஆண் துணையோடு வந்தால் பக்கவாட்டில் ஒரு தனிக் கதவு வழியாக விடுவார்கள். இரண்டு பெண்கள் சேர்ந்து உட்கார்ந்து பேச ஓர் இடம் வேண்டுமென்றால் யாருக்கும் தெரியாத ஒரு மாடியோ நிலவறையோதான். அப்படி ஆரம்பித்து, இடம் மாறி மாறி, கடைசியில் நாற்பத்தொன்றுக்கு வந்தது. போலீஸ் வந்தால் முன்னால் நிற்பவர் ஒரு சுவிட்சைத் தட்டுவார், பின்னறையில் ஒரு சிவப்பு பல்ப் எரியும். ஆடிக்கொண்டிருந்தவர்கள் விலகி உட்கார்ந்து சீட்டு விளையாடுவதுபோல் பாவனை செய்வார்கள். பிடித்துக்கொண்டு போனால் பெயர் எழுதுவார்கள். பெயர் வெளியே வந்தால் டீச்சர் வேலை போகும், வாடகை வீடு போகும். பிள்ளை பெற்றவள் என்றால் கோர்ட்டில் பிள்ளையையும் பிடுங்கிக்கொள்வார்கள்.

அதனால் அந்தக் கடையில் ஒரே ஒரு சட்டம், கேமரா கூடாது. பிற்காலத்தில் போலீஸ் வருவது நின்ற பிறகும் ஜோன் அதை விடவில்லை. போனை வெளியே எடுத்தால் வந்து கையை நீட்டுவார். அவர் வைத்திருந்த பழைய பிஸ்கட் டின்னில் எல்லோர் போனும் கிடக்கும்.

குடிப்பதற்காக மட்டும் வந்தவர்கள் குறைவு. சுவரில் ஒரு பலகை இருந்தது. அறை காலி, வேலை காலி, பியானோ தூக்க ஆறு பேர் வேண்டும், ஆபரேஷன் முடிந்து வருகிறேன் ஒரு வாரம் துணைக்கு ஆள் வேண்டும் என்று சீட்டு குத்தி வைப்பார்கள். எனக்கு முதல் வாடகை அறை அந்தப் பலகையில்தான் கிடைத்தது. சொந்த வீட்டார் வராத சாவுகளுக்கு இந்தக் கடையிலிருந்து ஆள் போகும். எல்லாம் நல்லபடியாகவே இருந்தது என்று சொல்ல மாட்டேன். சண்டை உண்டு, ஜோடி மாறிய பகை உண்டு, நிறம் பார்க்கிறவர்களும் இருந்தார்கள். வாளியைக் காட்டிய அந்தப் பெண் என்னிடம் மன்னிப்புக் கேட்க ஏழு வருடம் ஆனது.

இப்போது வாடகை ஏறிவிட்டது, ஜோனுக்கும் முட்டி தேய்ந்துவிட்டது. இளம் பெண்கள் வருவதில்லை. என்னோடு தங்கிப் படிக்கும் அண்ணன் மகள் அபிக்கும் அது மகளிர் சங்கம்தான்; "போன்லயே பாத்துக்கலாமே அத்தை, எதுக்கு அவ்ளோ தூரம் பஸ்ல போறீங்க?" என்று கேட்கிறாள். ஊரிலிருந்து வந்த புதிதில் சாப்பிட்டீகளா அத்தை என்று கேட்ட பிள்ளை. இரண்டே வருடத்தில் பேச்சு மாறிவிட்டது. அவளுக்குப் பதில் சொல்ல எனக்கு அலுப்பாக இருந்தது.

4

நூலகத்துக்காரர் படம் கேட்ட அதே வாரத்தில் குடியேற்ற அலுவலகத்திலிருந்தும் படம் கேட்டுக் கடிதம் வந்தது.

மாரியின் கணவர் நோயில் இறந்து பதினோரு வருடம் ஆகிறது. பிள்ளை இல்லை. அவள் எம். புதுப்பட்டிக்கே திரும்பி வந்து, மறுபடி கம்பெனி வேலைக்குப் போகிறாள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நான் ஊருக்குப் போனால் ஒரு மாதம் அவள் வீட்டில்தான் இருப்பேன். தினமும் அவள் வேலை முடிந்து வந்ததும் பேசுவோம், எனக்கு அது காலை எட்டு மணி. அவளை இங்கே கொண்டுவர வேண்டும் என்று பல வருடம் யோசித்து, போன வருடம்தான் துணிந்து விண்ணப்பம் போட்டேன். உறவு என்ற கட்டத்தில் வாழ்க்கைத் துணை என்று எழுதினேன். எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

கடிதம் இரண்டு பக்கம். ஆறு வருடத்துக்கு முன் இதே பெண்ணைச் சுற்றுலா விசாவில் அழைத்தபோது நீங்கள் இவரை உங்கள் அண்ணி முறை உறவினர் என்று எழுதியிருக்கிறீர்கள், இப்போது வாழ்க்கைத் துணை என்கிறீர்கள், இந்த முரண்பாட்டை அறுபது நாளுக்குள் விளக்குங்கள். நீங்கள் இருவரும் ஜோடி என்பதற்குப் புகைப்படங்களும், உங்களை அப்படி அறிந்தவர்களின் சத்தியக் கடிதங்களும் தேவை. குறைந்தது ஒரு கடிதம் அவர் வசிக்கும் ஊரிலிருந்து வர வேண்டும்.

அந்த விசா அப்போதே மறுக்கப்பட்டது. ஆனால் காகிதம் மட்டும் பத்திரமாக இருந்திருக்கிறது. நான் அதை ஏமாற்ற நினைத்து எழுதவில்லை. முப்பது வருடமாக வாயில் வருவது மதினிதான், கையும் அதையே எழுதிவிட்டது. எங்கள் ஊர்க்காரி எவளாக இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பாள். இதை ஓர் அதிகாரிக்கு எந்த இங்கிலீஷில் விளக்குவது? மூன்று முறை எழுதிப் பார்த்தேன். மூன்றும் பொய் சொல்லி மாட்டிக்கொண்டவள் எழுதியதுபோல் இருந்தது.

படம் என்று பார்த்தால், கோயில் பொங்கலில் இருபது பேரோடு எடுத்தது ஒன்றுதான் இருந்தது. அதில் அவள் ஓர் ஓரம், நான் ஓர் ஓரம். கம்பெனியில் போன் கொண்டுபோக முடியாது. வீட்டில் சேர்ந்து எடுத்துக்கொள்ள எங்களுக்குத் தைரியம் வந்ததில்லை.

அபிதான் கடிதத்தை ஸ்கேன் செய்து கொடுத்தாள். அப்போதுதான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. "மாரி அத்தையா? சூப்பர் அத்தை" என்று சொல்லிவிட்டு ஃப்ரிட்ஜைத் திறந்து தயிர் எடுத்தாள். நான் முப்பது வருடம் பயந்த பயத்துக்கு அவ்வளவுதான் நேரம் ஆனது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். எனக்கு ஏனோ கோபம் வந்தது.

ஊரில் எங்களை அறிந்தவர் ஒரே ஒருவர், சொர்ணம் அக்கா. மாரியிடம் சொன்னேன்.

"வேணாம்" என்றாள். "அவுக மகளுக்கு ஆமத்தூர்ல வரன் பேசிக்கிட்டு இருக்காக. இந்த நேரத்துல அவுகள இதுல இளுத்துவிட்டா அந்தப் புள்ள வாழ்க்கை என்னத்துக்கு ஆகும்? நான் அங்கன வராட்டாலும் பரவால்ல."

அவள் சொல்வது நியாயம் என்று நானும் விட்டுவிட்டேன்.

5

கடைசி ஞாயிறு மதியம் நாற்பத்தொன்று நிறைந்திருந்தது. பாதிப் பேர் கைத்தடியோடு வந்திருந்தார்கள். நூலகப் பெண் கொண்டுவந்த அட்டைப்பெட்டியில் நாலைந்து படங்கள் சேர்ந்திருந்தன. கட்டடத்தின் முன்புறம், ஒரு நாய், பந்து விளையாடும் அணி ஒன்று முகம் தெரியாத தூரத்தில். அவர் பாவம், ஏமாற்றத்தை மறைக்கப் பார்த்தார்.

"படம் இல்லையென்றால் நான் கடையை ஒழுங்காக நடத்தியிருக்கிறேன் என்று எழுதிக்கொள்" என்றார் ஜோன்.

எனக்காக அவர் சத்தியக் கடிதம் எழுதி வைத்திருந்தார். மாரியை அவர் பார்த்ததில்லை, போனில் இரண்டு முறை சிரித்துப் பேசியிருக்கிறார், அவ்வளவுதான். ஊர்க் கடிதம் என்ன ஆயிற்று என்று கேட்டார். சொர்ணம் அக்காவைக் கேட்கப் போவதில்லை என்று சொன்னேன்.

ஜோன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு, பல வருடத்துக்கு முன் தன் தோழி ஒருத்தியின் மகனைக் கோர்ட்டில் பிடுங்கிக்கொண்ட கதையைச் சொன்னார். நல்ல தாய் என்று சாட்சி சொல்ல அவளுக்கு ஆள் தேவைப்பட்டது. இங்கே வருகிற எல்லோருக்கும் வேலை போய்விடும் என்று அவள் ஒருவரையும் கேட்கவில்லை. தோற்றுப் போய், வேறு ஊருக்குப் போய்விட்டாள்.

"கேட்டிருந்தால் போயிருப்பீர்களா?" என்றேன்.

"தெரியாது. பயந்து வீட்டிலேயே இருந்திருப்பேனோ என்னவோ. ஆனால் என்னைப் பற்றி அவளே முடிவு கட்டிவிட்டாள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை" என்றார் ஜோன்.

மறுநாள் மாரியிடம் சொல்லாமல் சொர்ணம் அக்காவுக்குப் போன் செய்தேன். நலம் விசாரித்து, மழை விசாரித்து, சீசன் ஆர்டர் விசாரித்து, கடைசியில் விஷயத்துக்கு வந்தேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"என்னத்த எளுதணும்?"

"உங்களுக்குத் தெரிஞ்சத எளுதினாப் போதும்க்கா. முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிருங்க. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

"சரித்தா, வையி" என்று போனை வைத்துவிட்டார்.

மாரிக்கு அன்றே தெரிந்துவிட்டது. "நான் வேணாம்னு சொன்னேம்ல?" என்று ஒரே ஒரு வாக்கியம். அதற்குப் பிறகு ஒன்பது நாள் என் போனை எடுக்கவில்லை. காலை எட்டு மணிக்குப் போனைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருப்பேன். அலுவலகம் கொடுத்த அறுபது நாளில் இருபத்தைந்து நாள்தான் பாக்கி. இல்லத்தில் ஒரு கனேடியப் பாட்டிக்கு மாத்திரை கொடுக்கும்போது என்னை அறியாமல் "வாயத் தொறங்க" என்று தமிழில் சொன்னேன். அவர் திறந்தார். அன்றைக்கு நடந்த நல்ல காரியம் அது ஒன்றுதான்.

6

பத்தாம் நாள் அபியின் போனுக்கு ஒரு படம் வந்தது. சிவகாசியில் ஒரு நோட்டரி வக்கீல் முத்திரை குத்திய பத்திரம். கீழே சொர்ணம் அக்காவின் கோணல் கையெழுத்து. அவர் சொல்லச் சொல்ல டைப் அடித்திருக்கிறார்கள், நடுவில் யாரோ எழுத்துத் தமிழுக்கு மாற்றியிருக்கிறார்கள்.

"ஈஸ்வரியும் மாரீஸ்வரியும் என்னோடு ஒரே அறையில் வேலை பார்த்தவர்கள். இருவரும் மதினி என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். அது ஊருக்காகச் சொன்னது. அவர்கள் புருசன் பெண்டாட்டி மாதிரி பிரியமாக இருந்ததை நான் நாலு வருசம் பக்கத்தில் இருந்து பார்த்தேன். மாரீஸ்வரிக்குக் கல்யாணம் நடந்த அன்று ஈஸ்வரி வேலைக்கு வந்தாள். அவளுக்குக் கை நடுங்கியது. நடுங்குகிற கையோடு மருந்தைத் தொடக் கூடாது என்பதால் அவளை வேப்ப மரத்தடியில் உட்கார வைத்துவிட்டு, அவள் பங்கையும் நான்தான் அடைத்தேன். இது உண்மை."

அந்த நாளை நான் யாரிடமும் சொன்னதில்லை, மாரியிடம்கூட. சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். அபி என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அத்தை, அழாதீக" என்றாள்.

சொர்ணம் அக்காவுக்குப் போன் செய்தேன்.

"வக்கீலு கண்ணாடியக் கழத்திட்டு என்னைய ஒரு பார்வை பாத்தாரு. நானும் பாத்தேன். குத்திக் குடுத்துட்டாரு" என்றார்.

"ஆமத்தூர் வரன் என்னக்கா ஆச்சு?"

"அவுக இன்னும் ஒண்ணும் சொல்லல. எம்மகதான் சொல்லிட்டா, இதுக்குப் போறவன் போகட்டும்னு. நீ அத நெனச்சுக்கிட்டுக் கெடக்காத."

நான் நினைத்துக்கொண்டுதான் கிடக்கிறேன்.

பத்திரம் டைப் அடித்த இடத்திலிருந்து ஊருக்குள் பரவி, அண்ணனுக்கும் செய்தி போய்விட்டது. போன் செய்து, "மகளிர் சங்கமாம்ல" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான். அபியிடம் பேசுகிறான், என்னிடம் பேசுவதில்லை. விளக்கக் கடிதம், ஜோனின் கடிதம், சொர்ணம் அக்காவின் பத்திரம், அதன் மொழிபெயர்ப்பு எல்லாவற்றையும் அனுப்பிவிட்டேன். முடிவு வர எட்டு மாதம் ஆகலாம், ஒரு வருடமும் ஆகலாம் என்று தானியங்கிப் பதில் வந்திருக்கிறது.

போன வாரம் ஒரு நாள் காலை எட்டு மணிக்கு மாரியே கூப்பிட்டாள். கோபம் போயிருந்தது. களைத்த குரல்.

"கொளாயடில ரெண்டு பேரு கொடத்தத் திருப்பிக்கிட்டுப் போனாளுக. போகட்டும். கம்பெனிலயும் அப்படித்தேன் இருக்கும்னு நெனச்சுக்கிட்டு, மத்தியானம் சோத்த எடுத்துக்கிட்டுத் தனியா ஒரு மரத்தடில போயி உக்காந்தேன். மொதல்ல சொர்ணம் அக்கா தூக்குச்சட்டியத் தூக்கிக்கிட்டு வந்தாக. பெறகு இன்னும் நாலஞ்சு பேரு வந்தாளுக. கொளம்பு குடுத்தாளுக, நான் தொவையல் குடுத்தேன். இப்ப தெனமும் அங்கனதான் உக்காருதோம்."

"என்ன பேசுவீக?"

"என்னத்தப் பேச? அவவ கதைய அவவ சொல்லுதா. ஒருத்தி என்னையக் கேக்கா, ஏன் மதினி, அவுக எப்ப வாராகன்னு. சவூதில இருக்க புருசனக் கேக்குற மாதிரியே கேக்கா." சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று எனக்கு நினைவில்லை.

பேப்பர் எல்லாம் அனுப்பியாயிற்று, சரியாக வந்தால் அடுத்த வருடம் இந்நேரம் நீ இங்கே இருப்பாய் என்று சொன்னேன்.

"அங்கன வந்து நான் யாரு கூட உக்காந்து திம்பேன் ஈசு?" என்றாள்.

நாற்பத்தொன்றின் வாசலில் இப்போது பலகை அடித்திருக்கிறார்கள். அதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"அவ கேட்டதத்தான் நானும் கேக்கேன்" என்றாள் மாரி. "நீ எப்ப வாரே?"

அவளை இங்கே கொண்டுவருவதற்கு எந்தப் படிவம், எந்த அலுவலகம், எத்தனை நாள் என்று எதைக் கேட்டிருந்தாலும் நான் மனப்பாடமாகச் சொல்லியிருப்பேன். நான் ஊரோடு திரும்பி வருவதைப் பற்றி இதுவரை அவளும் கேட்டதில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

"மார்ச்ல லீவு கெடைக்குமான்னு கேட்டுப் பாக்குறேன்" என்றேன்.

"லீவா?" என்றாள் மாரி.